ஓடுகிற பம்ப் ஹவுஸை யார் கையில் கொடுப்பது?

வடசென்னை நீரேற்று நிலையங்களில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண் பொறியாளர் ஒருவர், இப்போது பெரம்பூர்வாசி, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய நீரேற்று நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலை பற்றியவை. அந்த வேலையை எடுக்க யாருக்குத் தகுதி, அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

அம்மா, ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் பம்பிங் ஸ்டேஷனைப் புதுப்பிக்க ஒப்பந்ததாரர்களிடம் ‘முன்தகுதி விண்ணப்பம்’ கேட்டு பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் குறைவாகக் கேட்கிறாரோ அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே? எதற்கு இரட்டை வேலை?
– ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, காலி மனையில் புதுசாக ஒரு தொட்டி கட்டுகிற வேலையாக இருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். தப்பாகக் கட்டினால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லலாம், நஷ்டம் காண்ட்ராக்டரோடு போகும். ஓடிக்கொண்டிருக்கிற பம்ப் ஹவுஸில் தப்பு நடந்தால் அன்றைக்கு ராத்திரியே வியாசர்பாடியில் குடத்தோடு நிற்கிறவர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

நம்ம ஊர் தட்டையான ஊர். அதிலும் வடசென்னை கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் தொடங்கியபோதே, செங்குன்றம் ஏரித் தண்ணீர் மூடிய கால்வாயில் தானாகச் சரிந்து கீழ்ப்பாக்கம் வரை வந்துவிடும். அதற்கப்புறம் ஊருக்குள் போக பம்ப் வேண்டியிருந்தது. நீராவி போய் மின்சாரம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்குப் புழல் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 300 மில்லியன் லிட்டர், கீழ்ப்பாக்கத்துக்கு 270. எவ்வளவு நன்றாக வடிகட்டி குளோரின் போட்டாலும், பம்ப் தள்ளினால்தான் மேல்நிலைத் தொட்டி ஏறும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, தகுதி பெற்றவர்களுக்குள் மதிப்பீட்டில் குறைந்த விலை யாருடையதோ அவருக்குத்தான் வேலை. நல்ல சட்டம், நான் வேலை பார்த்த காலத்தில் பல வம்புகளை அது மிச்சம் பண்ணியது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒருவரை உள்ளே விட்டுவிட்டால், அப்புறம் ‘இவர் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை’ என்று சொல்லித் தள்ள முடியாது. சல்லிசாகப் போட்டிருந்தால் வேலை அவருக்கே. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் வாசலிலேயே, விலை கேட்கும் முன்பே, பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் முன்தகுதி.

சின்ன, நடுத்தர வேலைக்கு இரண்டு கவர் முறையே போதும். தொழில்நுட்பக் கவரை முதலில் பிரிப்பார்கள். அதில் தேறினவருடைய விலைக் கவர் மட்டும் திறக்கப்படும், மற்றவருடையது அப்படியே திரும்பிப் போகும். பெரிய வேலைக்கு, அதிலும் ஓடுகிற நிலையத்தைப் பிரித்து மாட்டுகிற வேலைக்கு, முன்தகுதியைத் தனிப் படியாக வைப்பது நல்லது. டெண்டர் ஆவணமே தேறினவர்களுக்குத்தான் போகும். ஒழுங்காக விலை போட வேண்டுமானால் காண்ட்ராக்டர் ஆளை அனுப்பி பம்பை அளந்து, பழைய வரைபடம் தேடி, பம்ப் கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். ஐம்பது பேர் போட்டியில் இருந்தால் எந்த நல்ல காண்ட்ராக்டரும் அதற்குச் செலவு பண்ண மாட்டார். ஐந்தாறு பேர்தான் என்று தெரிந்தால் பண்ணுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாச் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்தகுதி ஆவணத்தில் ‘இதே போன்ற பணி’ என்று ஒரு வரி இருக்கும். இதே போன்ற பணி செய்த அனுபவம் வேண்டும் என்பார்கள். எது ‘இதே போன்ற’? ‘ஏதாவது குடிநீர்த் திட்டப் பணி’ என்று எழுதிவிட்டால், ஐம்பது கோடிக்குத் தெருவெல்லாம் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர் ஜம்மென்று உள்ளே வருவார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் ஒன்றைக்கூட அவர் வாழ்க்கையில் கழற்றியிருக்க மாட்டார். அதற்குப் பயந்து, ‘6.6 கிலோவோல்ட் செங்குத்து டர்பைன் பம்ப், இன்ன மாவட்டத்தில், இன்ன வருஷத்தில்’ என்று நெருக்கி எழுதினால் ஒரே ஒருவர் தேறுவார். அவருக்காகவே தைத்த சட்டை என்று மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். போவதில் தப்பும் இல்லை.

என்னைக் கேட்டால் அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: இயங்கிக்கொண்டிருந்த ஒரு நீரேற்று நிலையத்தில், வழங்கல் நிற்காமல், இத்தனை கிலோவாட்டுக்குக் குறையாத பம்ப் செட்டுகளை மாற்றி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்தவர். எந்த ஊர், எந்த பிராண்ட் என்பது தேவையில்லை. ‘வழங்கல் நிற்காமல்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் யார் கேட்டும் எடுக்கக் கூடாது.

மேடம், நான் தண்டையார்பேட்டையில் வால்வு, பம்ப் சர்வீஸ் வேலை எடுத்துச் செய்கிறவன். பெரிய கம்பெனிகளுக்குக் கீழே சப்-காண்ட்ராக்டில் நிறைய பம்ப் ஹவுஸ் பார்த்திருக்கிறேன். 20 கோடி ரூபாய் மதிப்பில், 18 மாதத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலைக்கு முன்தகுதி கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு வருஷத்தில் அதிகபட்சமாகச் செய்தது 6 கோடி. கையில் 7 கோடிக்கு வேலை பாக்கி நிற்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
– ஒப்பந்ததாரர், தண்டையார்பேட்டை

தம்பி, தனியாகப் போட்டால் தேறாது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

மத்திய விஜிலன்ஸ் கமிஷன் 2002 டிசம்பரில் சொன்ன அளவுகளைத்தான் பலரும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி மூன்று வருஷ சராசரி டர்ன்ஓவர், மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். 20 கோடிக்கு 6 கோடி. உங்கள் நல்ல வருஷமே 6 கோடி என்கிறீர்கள், அப்படியானால் சராசரி அதற்குக் கீழே. அடுத்தது அனுபவம். கடைசி ஏழு வருஷத்துக்குள் முடித்த இதே போன்ற பணி மூன்று இருந்தால் ஒவ்வொன்றும் 40 சதவீதம், அதாவது 8 கோடி. இரண்டுதான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 50 சதவீதம், 10 கோடி. ஒன்றே ஒன்று என்றால் 80 சதவீதம், 16 கோடி. இரண்டு கோடி, மூன்று கோடி வேலைகள் எட்டைக் கூட்டி ‘மொத்தம் 20 கோடி ஆகிவிட்டது பாருங்கள்’ என்று காட்டுவது செல்லாது. நிறைய பேர் அப்படித்தான் பட்டியல் போட்டுக் கொண்டுவருவார்கள், பாவமாக இருக்கும்.

மூன்றாவது, நம்ம ஆட்கள் அதிகம் விழுகிற இடம்: பிட் கெபாசிட்டி, அதாவது இதற்கு மேல் வேலை தாங்குகிற சக்தி. ஒரு வருஷத்தில் செய்த அதிகபட்ச வேலையை, வேலைக்கான காலத்தாலும் (வருஷக் கணக்கில்) இரண்டாலும் பெருக்கி, அதிலிருந்து கையில் பாக்கி இருக்கிற வேலையைக் கழிக்க வேண்டும். சில ஆவணத்தில் இரண்டுக்குப் பதில் ஒன்றரை இருக்கும், சிலதில் இரண்டரை, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 6 × 1.5 × 2 = 18. கையில் இருக்கும் 7 போனால் 11 கோடி. வேண்டியது 20. இந்த இடத்தில் பாக்கி வேலையைக் குறைத்து எழுதலாமா என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். நீங்கள் எழுதாத வேலையை உங்கள் போட்டியாளர் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பிவிடுவார்.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. ஜாயிண்ட் வென்ச்சர் போடுங்கள். உலக வங்கி பாணி ஆவணங்களில் பெரும்பாலும் தலைமை உறுப்பினர் நிதித் தகுதியில் 40 சதவீதமாவது, கூட வருகிற ஒவ்வொருவரும் 25 சதவீதமாவது தாங்க வேண்டும் என்று இருக்கும். 6 கோடி டர்ன்ஓவரில் 25 சதவீதம் ஒன்றரைக் கோடி, அது உங்களால் முடியும். பெரிய வேலையின் அனுபவம் கூட்டாளியிடம் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற வரியை வீட்டில் உட்கார்ந்து இரண்டு தரம் படியுங்கள். கூட்டாளி பாதியில் ஓடிப்போனால் முழு வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

சப்-காண்ட்ராக்ட் அனுபவம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கம்பெனி லெட்டர்ஹெட்டில் ‘இவர் நன்றாகச் செய்தார்’ என்று எழுதி வாங்கியிருப்பீர்கள். அது பெரும்பாலும் எடுபடாது. வேலை கொடுத்த துறை உங்களை அங்கீகரித்த சப்-காண்ட்ராக்டராக ஏற்றுக்கொண்ட கடிதம் வேண்டும். முடிந்த சான்றிதழில் செயற்பொறியாளர் அந்தஸ்துக்குக் குறையாதவர் கையெழுத்து வேண்டும். தனியார் வேலை என்றால் பணம் வந்ததற்கு வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்த பதிவு இருக்க வேண்டும். அடுத்த சப்-காண்ட்ராக்டுக்குப் போகும்போது வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே துறையிடம் உங்கள் பெயரைச் சொல்லி ஒப்புதல் வாங்கித் தரும்படி கம்பெனியிடம் கேளுங்கள். இழுத்தடிப்பார்கள். விடாமல் கேளுங்கள்.

மேடம், நான் எண்ணூர் பக்கம், மெக்கானிக்கல் கடைசி வருஷம். காண்ட்ராக்டர் முன்னாடி செஞ்ச வேலையை நேர்ல போய்ப் பார்ப்பாங்கன்னு எங்க சார் சொன்னார். அங்க போய் என்னதான் பார்ப்பீங்க?
– மாணவர், எண்ணூர்

இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன் தம்பி.

ஃபைலில் எல்லாரும் நல்லவர்கள். மூன்று வால்யூம், வண்ண டிவைடர், எல்லாப் பக்கத்திலும் கம்பெனி சீல். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் இல்லாத காண்ட்ராக்டரை நான் பார்த்ததே கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தை நான் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் செய்துவிட்டுப் போன பம்ப் ஹவுஸுக்குப் போக வேண்டும். போன மாதம் முடித்தது வேண்டாம், அதில் பெயிண்ட் இன்னும் காயாமல் இருக்கும்.

முதலில் காது. உள்ளே நுழைந்ததும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். பம்புக்குள் ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் அது கேவிடேஷன். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் போதாமல் தண்ணீரில் ஆவிக் குமிழி உண்டாகி, இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) போய் உடைகிறது. உடைகிற ஒவ்வொரு தடவையும் உலோகத்தைத் துளித்துளியாகப் பிய்த்து எடுக்கும். சம்ப் மட்டம் கணக்குப் போடாமல் பெரிய பம்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம் கிளாண்ட், அதாவது சுழல் தண்டு பம்பைவிட்டு வெளியே வரும் இடத்தில் கசிவை அடக்குகிற பாகம். தண்ணீர் சொட்டக் கூடாது என்று நினைத்து ஒரு ஸ்பேனரை எடுத்து நன்றாக முறுக்கிவிடுகிறவர் நிறைய. கிளாண்ட் பேக்கிங் போட்ட பம்ப் சொட்டியே ஆக வேண்டும், நிமிஷத்துக்கு 40, 60 சொட்டு. அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது. சொட்டே இல்லாமல் காய்ந்து கிடந்தால் உள்ளே ஷாஃப்ட் ஸ்லீவ், அதாவது சுழல் தண்டின் மேலுறை, பள்ளம் விழுந்துகொண்டிருக்கிறது. ஆபரேட்டரிடம் ‘ஸ்லீவ் எப்போ மாத்தினீங்க அண்ணே?’ என்று சாதாரணமாகக் கேட்பேன். பெரிய அதிகாரி எதிரில் அவர் பேச மாட்டார். டீ குடிக்க வெளியே வரும்போது சொல்வார். காண்ட்ராக்டரைப் பற்றி ஃபைல் சொல்லாததை ஷிஃப்ட் ஆபரேட்டர் சொல்வார். என் அனுபவத்தில் அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாவது, நிற்கிற பம்ப் ஒன்று இருந்தால், அனுமதி வாங்கி, ஃபியூஸ் எடுத்துப் பூட்டுப் போட்ட பிறகு, மோட்டாரின் காலில் டயல் கேஜ் (சின்ன நகர்வையும் முள்ளில் காட்டும் கருவி) வைப்பேன். நாலு போல்ட்டும் முறுக்கியிருக்கும். ஒன்றை மட்டும் தளர்த்தச் சொல்ல வேண்டும். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை; போல்ட் பலத்தில் அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு ‘சாஃப்ட் ஃபுட்’ என்று பெயர். எவ்வளவு துல்லியமாக அலைன்மெண்ட் பார்த்திருந்தாலும் இது இருந்தால் பேரிங் அடிக்கடி போகும். பிறகு காலுக்கடியில் எட்டிப் பார். சரியான கனத்தில் ஒன்றிரண்டு ஸ்டெயின்லெஸ் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தால் வேலை தெரிந்த ஃபிட்டர். தகரத்தைக் கத்தரியால் வெட்டி ஏழெட்டு அடுக்கு செருகியிருந்தால் அந்த கம்பெனியிடம் ஃபிட்டரே இல்லை, வெல்டரை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

பம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. நான்-ரிட்டர்ன் வால்வையும், அதாவது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வையும், பார். எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் பம்பைப் புதுசாக, முன்னைவிட அதிகம் தள்ளுகிறதாக மாற்றினார்கள். வால்வு பழசே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் கரண்ட் போனது. பம்ப் நின்றது, குழாயில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்தது, வால்வு ‘டமார்’ என்று அறைந்து மூடியது. வெளியே கொஞ்ச தூரத்தில் மெயின் பிளந்தது. கணக்கு உனக்கு வகுப்பிலேயே வந்திருக்கும்: இரும்புக் குழாயில் அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் போகும். 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் 1,000 × 1.5 ÷ 9.81, சுமார் 150 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக ஏறும். 40 மீட்டர் அழுத்தத்துக்கென்று பதித்த பழைய குழாய் என்ன ஆகும்? அதனால் முன்தகுதியிலேயே கேட்க வேண்டிய கேள்வி: சர்ஜ் கணக்கு, அதாவது இந்தத் திடீர் அழுத்தக் கணக்கு, யார் போடுவார், முன்பு போட்ட ஒன்றைக் காட்டுங்கள். பாதிப் பேர் ‘பம்ப் கம்பெனி பார்த்துக்கும்’ என்பார்கள். பம்ப் கம்பெனி பார்த்துக்கொள்ளாது, அதற்குக் குழாய் எங்கே போகிறது என்றே தெரியாது.

கடைசியாக மின்சார பேனல் அறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பு, வியாசர்பாடி எப்படி நின்றது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனலின் அடி மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கேபிள் டிரெஞ்சில் தண்ணீர் வந்தால் வெளியேற வழி உண்டா என்று பார். வடசென்னையில் வேலை செய்யப்போகிற காண்ட்ராக்டர் இதைத் தானாகவே பேச வேண்டும். நாம் கேட்டுத்தான் யோசிக்கிறார் என்றால் மார்க்கைக் குறை.

பழைய பம்ப்தான் ஓடுகிறதே, எதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து மாற்ற வேண்டும்? காண்ட்ராக்டருக்குக் கொடுக்கத்தானே இதெல்லாம்?
– கணக்காளர், மாதவரம்

கணக்காளர் கேட்கிறார், கணக்காகவே சொல்கிறேன். ஒரு நிலையம் நாளுக்கு 100 மில்லியன் லிட்டரை 40 மீட்டர் உயரத்துக்குத் தள்ளுகிறது என்று வையுங்கள். தண்ணீருக்கு மட்டும் வேண்டியது சுமார் 454 கிலோவாட். பம்பின் திறன் 80 சதவீதம் என்றால் 568 கிலோவாட் வாங்கும். தேய்ந்த இம்பெல்லர், அகன்றுபோன வேர் ரிங்கோடு (இம்பெல்லரைச் சுற்றியுள்ள தேய்மான வளையம்) 65 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 699. வித்தியாசம் 131 கிலோவாட். வருஷம் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 11.5 லட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் வருஷத்துக்கு 80 லட்சம் ரூபாய் சும்மா போகிறது. தண்ணீர் ஒரு சொட்டு கூடுதலாக வராது.

காண்ட்ராக்டருக்குக் கொடுக்கவா என்ற சந்தேகத்துக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் திறனுக்கு உத்தரவாதம் வாங்கி, நிறுவின இடத்தில் ஓட்டி அளந்து, குறைந்தால் பணம் பிடிக்கிற ஷரத்து இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்தை நீங்கள் சந்தேகப்படலாம், நானும் சேர்ந்து சந்தேகப்படுவேன்.

அக்கா, பம்ப் வேலை நடக்குதுன்னு ரெண்டு நாள் தண்ணி நிறுத்தினாங்க. திரும்ப விட்டப்ப ஒரே செம்மண் கலர். குடிக்கலாமா? வேலை செஞ்சவங்க ஏதாவது கொட்டிட்டாங்களா?
– இல்லத்தரசி, கொடுங்கையூர்

இல்லம்மா, யாரும் கொட்டவில்லை. குழாயின் அடியில் துருவும் வண்டலும் படிந்துதான் இருக்கும். தண்ணீர் நின்று திரும்ப வேகமாக வரும்போது அது கிளம்பிவிடும். தெளியும் வரை திறந்துவிட்டுப் பிடியுங்கள், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். ஆனால் நாற்றம் அடித்தால் கதை வேறு; குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் கசிவு வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வந்திருக்கலாம். அப்போது வாயில் வைக்காமல் புகார் கொடுங்கள். காய்ச்சிக் குடிப்பது எப்படியும் நல்லது.

இரண்டு நாள் நிறுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு பம்பைக் கழற்றும்போது மற்றவை ஓட வேண்டும். எல்லா பம்பும் சேருகிற பொதுக் குழாயில் (ஹெடர்) வெட்டிச் சேர்க்க வேண்டிய நாள் மட்டும்தான் முழுசாக நிறுத்த நேரும். அதையும் முன்கூட்டியே எல்லாக் குழாய்த் துண்டும் செய்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் முடிக்கிற காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

போலி அனுபவச் சான்றிதழ் கொடுத்து வேலை எடுக்கிறார்களாமே, கண்டுபிடிக்க வழியே இல்லையா?
– வாசகர், திருவொற்றியூர்

வழி இருக்கிறது, சோம்பல் இல்லாவிட்டால். கணக்குத் தணிக்கையாளர் தரும் சான்றிதழில் 2019-லிருந்து யுடிஐஎன் என்று ஓர் எண் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டால் அந்த ஆடிட்டர் அப்படி ஒன்று கொடுத்தாரா என்று தெரிந்துவிடும், கொஞ்ச நேர வேலை. அனுபவச் சான்றிதழுக்கு, கொடுத்த அலுவலகத்துக்கு நேராக எழுதிக் கேட்க வேண்டும். காண்ட்ராக்டர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்து ‘வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்புகிற அலுவலகங்களும் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

முழுப் போலியைப் பிடிப்பது சுலபம். பாதி உண்மைதான் கஷ்டம். வேலை செய்தது நிஜம், தொகையும் நிஜம், ஆனால் அந்த 12 கோடியில் பம்ப் வேலை ஒரு கோடிதான், மீதி காம்பவுண்ட் சுவரும் சாலையும் குவார்ட்டர்ஸும். சான்றிதழில் ‘நீரேற்று நிலையப் பணி’ என்று மட்டும் இருக்கும். அளவுப் பட்டியலும் கடைசி பில்லும் சேர்த்துக் கேட்டால் பல்லிளித்துவிடும்.

அக்கா, டிப்ளமோ முடிச்சிருக்கேன். பம்ப் ஹவுஸ் வேலைக்குப் பொண்ணுங்க போனா சரிப்படுமா?
– வாசகி, ராயபுரம்

சரிப்படும். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முதல் நாளே கேள். இல்லை என்றால் கட்டச் சொல்லிக் கேள். ஷூ உன் அளவில் வாங்கு. 900 கிலோ குளோரின் டன்னர் (பெரிய வாயு உருளை) இருக்கிற அறைக்கு, காற்று சிலிண்டர் மாஸ்க் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் போகாதே, யார் சொன்னாலும். அப்புறம் எல்லாம் பழகிவிடும்.

முன்தகுதியில் எங்களைத் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டால் ‘குழு முடிவு’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒப்பந்ததாரர், மணலி

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். முதலில் ஆவணத்தில் இருக்கிற ஒவ்வொரு தகுதி நிபந்தனையையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நீங்கள் கொடுத்த சான்றின் பக்க எண்ணைப் போடுங்கள். பாதிக் கேஸில் இந்த இடத்திலேயே காரணம் தெரிந்துவிடும்: நோட்டரி கையெழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது கூட்டாளியின் பவர் ஆஃப் அட்டர்னி பழசு.

எல்லாம் சரியாக இருந்தால், எந்த நிபந்தனையில் தள்ளினீர்கள் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டு அறிக்கை நகல் கேளுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், ஏனென்றால் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் அரசுக்கு மேல்முறையீடு செய்ய, உத்தரவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாள்தான். ஒப்பந்தப்புள்ளி ஏற்கும் அதிகாரி, வேலை பெற்றவர் பெயரையும் மற்றவர்களைத் தள்ளின காரணத்தையும் டெண்டர் புல்லட்டினுக்கு (ஒப்பந்தப்புள்ளி விவரங்களை வெளியிடும் அரசு இதழ்) அனுப்ப வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அதையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

வக்கீலிடம் போகும் முன் இன்னொன்று. ‘இதே போன்ற பணி’க்கு அவர்கள் கொடுத்த விளக்கத்தைத் திரும்பப் படியுங்கள். உங்கள் கடிதத்தோடு வந்த இணைப்பில் மூன்று வேலையில் இரண்டு புதுக் கட்டுமானம், ஒன்றுதான் ஓடுகிற நிலையம். ஆவணம் இரண்டு கேட்டிருந்தால், தள்ளினது சரி. விளக்கமே தப்பு என்று நினைத்தால் விண்ணப்பம் போடும் முன், விளக்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டும். அடுத்த விளம்பரம் வரும்போது அந்தக் கூட்டத்துக்கு எஸ்டிமேட் போடுகிற பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள்.